விளையாடும் பிள்ளைக்கு வலி வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பிள்ளை விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, அடிபட்டதாக நினைவே இல்லை, ஆனாலும் முட்டி வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது, தோள் வலிக்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, இடையில் உடம்புக்கு ஆற நேரம் கிடைக்காமல் வருகிற காயம் இது. அதனால் இந்த இதழ் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 13 வயது, கால்பந்து ஆடுகிறான். சில மாதங்களாக முட்டிக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. தொட்டால் வலியில் காலை இழுத்துக்கொள்கிறான், மண்டியிட முடியவில்லை. கட்டியாக இருக்குமோ என்று எனக்குப் பயம். வீட்டில் பெரியவர்கள் 'வளருகிற வயசு, அப்படித்தான் வலிக்கும்' என்கிறார்கள். யார் சொல்வது சரி?

நீங்கள் சொல்லும் இடமும் வயதும் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்ற பிரச்சினைக்கு அப்படியே பொருந்துகின்றன. ஆனாலும் கடிதத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன், ஒரு டாக்டர் கையால் தொட்டுப் பார்க்கட்டும். ராபர்ட் ஆஸ்குட், கார்ல் ஷ்லாட்டர் என்ற இரண்டு டாக்டர்கள் 1903-ல் தனித்தனியாக இதை விவரித்து எழுதினார்கள், அதனால் அந்தப் பெயர்.

தொடையின் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய தசை முழங்கால் சில்லைத் தாண்டி வந்து, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் ஒரு சின்ன மேட்டில் ஒட்டியிருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த மேடு முழு எலும்பு. உங்கள் மகன் வயதில் அது இன்னும் பாதி குருத்தெலும்புதான், அதற்கு அடியில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு வளர்கிற மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு, இன்னும் எலும்பாகி மூடாமல் திறந்தே இருக்கிறது. இந்த வயதில் கால் எலும்பு மளமளவென்று நீளும், தசை அதே வேகத்தில் நீளாது, அதனால் தசை எப்போதும் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும். இந்த நிலையில் ஒவ்வொரு உதையும், ஒவ்வொரு குதியும், ஓடிவந்து சட்டென்று நிற்பதும் அந்த மேட்டைப் பிடித்து இழுக்கிறது. ஒருமுறை இழுத்தால் ஒன்றும் ஆகாது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு நூற்றுக்கணக்கான தடவை இழுத்தால் அந்த இடம் புண்ணாகி வீங்கி, ஆறும்போது புது எலும்பு படிந்து புடைத்து நிற்கும்.

வீட்டில் சொல்கிற 'வளர்ச்சி வலி' என்பதும் உண்டு, ஆனால் அது வேறு. அது பெரும்பாலும் இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு வரும், சாயங்காலமோ ராத்திரியோ இரண்டு காலிலும் வரும், குறிப்பாக இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, காலையில் எழுந்தால் மறைந்துவிடும். ஒரே இடத்தில் விரல் வைத்து 'இங்கேதான்' என்று பிள்ளை காட்டுகிறான் என்றால் அதை வளர்ச்சி வலி என்று ஒதுக்கக் கூடாது.

சரி, என்ன செய்வது? ஆட்டத்தை அடியோடு நிறுத்த வேண்டியது பெரும்பாலும் இல்லை. வலியைப் பொறுத்து ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். விளையாடும்போது லேசாக வலித்து, அன்றைக்கே அடங்கி, மறுநாள் காலை சாதாரணமாகப் படியிறங்க முடிகிறது என்றால் அந்த அளவு ஆட்டம் தாங்கும். நொண்டினாலோ, மறுநாளும் வலி நீடித்தாலோ அந்த அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள். விளையாடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒரு 15 நிமிடம், தொடையின் முன்தசைக்கும் பின்தசைக்கும் தினமும் ஸ்ட்ரெச்சிங், மண்டியிடும் ஆட்டங்களுக்கு ஒரு முட்டிப் பட்டை. அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணைப் பலவீனமாக்கிவிடும். முழுதாக அடங்க ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். வளர்ச்சித் தட்டு மூடிய பிறகு பெரும்பாலும் வலி போய்விடும், புடைப்பு மட்டும் நிற்கலாம், அதனால் கெடுதல் இல்லை.

உங்கள் பயத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். எலும்புப் புற்றுநோய் மிக அரிது, ஆனால் அது இந்த வயதில் முழங்காலைச் சுற்றித்தான் அதிகம் வரும் என்பதால் சில அறிகுறிகளை எல்லாப் பெற்றோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: விளையாடாத நாளிலும் குறையாத வலி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, நாளுக்கு நாள் பெரிதாகும் வீக்கம், காரணமில்லாத காய்ச்சல், எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, பல வீடுகளில் மட்டுமில்லை, சில நேரம் மருத்துவமனையிலும் தவறிப்போகிறது. 10 முதல் 16 வயதுக்குள் முட்டி வலிக்கிறது என்று சொல்லி நொண்டி வருகிற பிள்ளைக்கு முட்டியில் ஒன்றுமே இல்லாமல், பிரச்சினை இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் பந்து போன்ற முனை வளர்ச்சித் தட்டில் நழுவத் தொடங்கும்போது வலி முட்டியில் தெரியும், நடக்கும்போது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் பிள்ளையை நடக்க விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள், நழுவல் கூடக்கூட மூட்டு நிரந்தரமாகக் கெடும்.

கேள்வி: என் 15 வயது மகன் வலது கை வேகப்பந்து வீச்சாளன். ஆறு வாரமாக இடுப்பின் இடது பக்கம் வலி. பந்து போடும்போதும் பின்னால் வளையும்போதும் அதிகம். எக்ஸ்ரே எடுத்தோம், எல்லாம் சரி என்று வந்தது. மூன்று வாரத்தில் தேர்வுப் போட்டி. தைலம் தேய்த்துக்கொண்டு ஆடலாமா?

ஆட வேண்டாம். போட்டி எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

வலது கை வீச்சாளருக்கு இடது பக்க வலி என்பதே என்னை உஷாராக்குகிறது. முன்கால் தரையில் அறைந்து ஊன்றும் அந்த நொடியில் உடம்பு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, கூடவே முறுக்கவும் செய்கிறது, அந்தப் பாரத்தின் பெரும்பகுதி பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கத்தில், கீழ் முதுகெலும்பின் பின்புறம் இருக்கும் ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தில் விழுகிறது. எலும்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் பழசைக் கரைக்கச் சில வாரம் போதும், புதுசைக் கட்டி முடிக்கச் சில மாதம் வேண்டும். இந்த இடைவெளிக்குள் மேலும் மேலும் பந்து போட்டுக்கொண்டே இருந்தால் கரைந்த இடம் நிரம்பாது, முதலில் எலும்புக்குள் நீர் கோக்கும், பிறகு விரிசல், பிறகு முழுப் பிளவு. அதுதான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

ஆரம்ப நிலையில் இது எக்ஸ்ரேயில் தெரியாது. 'எக்ஸ்ரே சரி' என்ற வரியை நம்பி எத்தனையோ பிள்ளைகள் திரும்பவும் நெட்டுக்குப் போகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். எம்.ஆர்.ஐ. எடுங்கள். விரிசல் தெரிவதற்கு முந்தைய நிலையிலேயே பிடித்துவிட்டால் எலும்பு முழுதாகக் கூடிவிட நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் பந்துவீச்சுக்குக் குறைந்தது மூன்று மாதமாவது ஓய்வு வேண்டும், பிறகு பிசியோ மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வேண்டும். பிளவு முற்றிய பிறகு கண்டுபிடித்தால் அந்த இடைவெளி மூடாமலேயே போகலாம், இரண்டு பக்கமும் பிளந்துவிட்டால் ஒரு முள்ளெலும்பு இன்னொன்றின் மேல் முன்னால் நகரவும் கூடும். மூன்று வாரத்தில் ஒரு போட்டியையும் இதையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

மகன் மனம் உடைந்து போயிருப்பான். அவனுக்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் கதையைச் சொல்லுங்கள். 2011 நவம்பரில், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடினார், இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆட்ட நாயகன் விருது. அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் போன ஐந்து வருடத்துக்கு மேலான காலத்துக்கு முதுகில் திரும்பத் திரும்ப வந்த ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் முக்கியக் காரணம். பிறகு ஆஸ்திரேலியாவுக்கே கேப்டன் ஆனார். அதே நாட்டின் பழைய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கும் 1973-ல் இதே முதுகு, இதே முறிவு, அவரும் திரும்பி வந்து பல வருடம் வீசினார். இவன் 15 வயதில் ஒரு தேர்வைத் தவறவிட்டால் அடுத்த வருடம் இன்னொன்று வரும்.

குணமான பிறகு அவசியம் செய்ய வேண்டியது ஒன்று: எண்ணுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கிறது, 13 வயதுக்கு உட்பட்டோர் ஒரு ஸ்பெல்லில், அதாவது ஓய்வுக்கு முன் ஒரே தொடராக வீசுவதில், 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர், 15 வயதுக்கு உட்பட்டோர் 6 ஓவர், நாளுக்கு 12. ஆனால் வரம்பு இருந்தும் பிள்ளைகள் ஏன் உடைகிறார்கள் என்றால், பள்ளி அணியின் கோச் 'நான் 4 ஓவர்தான் கொடுத்தேன்' என்பார், கிளப் கோச்சும் அதையே சொல்வார், தனிப் பயிற்சி கொடுப்பவர் 'நெட்டில் சும்மா கொஞ்சம்' என்பார், மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். மூன்றையும் கூட்டிப் பார்க்கிற ஆள்தான் இல்லை. முதுகெலும்புக்கு நெட்டில் போட்ட பந்தும் மேட்ச்சில் போட்ட பந்தும் ஒன்றுதான். ஒரு நோட்டில் தினமும் போட்ட மொத்தப் பந்துகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள், மூன்று கோச்சுக்கும் அதே நோட்டைக் காட்டுங்கள்.

கேள்வி: மேட்ச்சுக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினால் என்ன தப்பு? எங்கள் அணியில் எல்லாரும் போடுகிறோம். (17 வயது, வாலிபால்)

வலி இருக்கிற இடத்தில் நடக்கிற சேதம் மாத்திரையால் நிற்காது, உனக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான். வெயிலில் வியர்த்து, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண் வேறு. மாத்திரை போட்டால்தான் ஆட முடியும் என்ற நிலை வந்துவிட்டதா, அப்போது நீ போக வேண்டியது டாக்டரிடம். எல்லாரும் போடுகிறார்கள் என்றால் அந்த அணிக்கே பயிற்சி அளவு அதிகம் என்று அர்த்தம், அதைக் கோச் காதில் போடுங்கள்.

கேள்வி: நான் ஒரு தடகளப் பயிற்சியாளர். 10 முதல் 16 வயது வரை பிள்ளைகள் வருகிறார்கள். எவ்வளவு பயிற்சி கொடுத்தால் பாதுகாப்பு என்று ஒரு அளவு சொல்ல முடியுமா?

இப்படிக் கேட்கிற கோச் கிடைப்பதே அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எளிதில் நினைவில் நிற்கும் அளவு ஒன்று உண்டு: வாரத்தில் எத்தனை மணி நேரம் முறையான பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 12 வயதுப் பிள்ளைக்கு வாரம் 12 மணி நேரம் உச்சம். அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவ அமைப்பு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் முழு ஓய்வும், வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்தக் குறிப்பிட்ட விளையாட்டிலிருந்து விடுப்பும் வேண்டும் என்று சொல்கிறது. அந்த மூன்று மாதத்தை ஒரே மூச்சில் எடுக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக்கொள்ளலாம், அந்த நேரத்தில் பிள்ளை நீந்தலாம், சைக்கிள் ஓட்டலாம், தெருவில் இஷ்டத்துக்கு ஆடலாம். சும்மா படுத்திருக்கச் சொல்லவில்லை.

பேஸ்பாலில் இந்தக் கணக்கை எவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் எறியக் கூடாது, 66 அல்லது அதற்கு மேல் எறிந்துவிட்டால் அடுத்த நான்கு நாள் எறியவே கூடாது என்று வழிகாட்டுதல் இருக்கிறது. முழங்கையும் தோளும் கெட்டு எத்தனையோ பிள்ளைகள் அறுவை சிகிச்சை வரை போன பிறகுதான் இந்த எண்கள் வந்தன. நம் தடகளத்தில் ஒரு பிள்ளை வாரத்தில் எத்தனை தடவை தாண்டினான், எத்தனை தடவை ஈட்டி எறிந்தான் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. நீங்கள் எழுதிவைக்கத் தொடங்குங்கள்.

அடுத்தது, உங்களிடம் ஒரு அளவு நாடா இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் குறித்துவையுங்கள். சராசரியாகப் பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதையொட்டியும் மிக வேகமாக வளர்வார்கள், ஆனால் ஒரே வகுப்பில் படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்குள் இதில் இரண்டு மூன்று வருட வித்தியாசம் இருக்கும். ஒரு பிள்ளை திடீரென்று உயர்ந்திருக்கிறான் என்றால் அந்தச் சில மாதங்களுக்கு அவனுக்குத் தாண்டலையும் குதித்தலையும் குறையுங்கள், அந்த நேரத்தில்தான் வளர்ச்சித் தட்டு மிகவும் பலவீனமாக இருக்கும். கை கால் நீளம் மாறியதால் அவன் ஓட்டமே தடுமாறும், நேரம் கூடும். அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக் கூடுதலாக ஓட விடுகிறார்கள், அந்தக் கூடுதல்தான் பிள்ளையை உடைக்கிறது.

லீவு முடிந்து வருகிற முதல் இரண்டு வாரம்தான் எனக்குப் பயம். தேர்வு, விடுமுறை என்று ஒரு மாதம் ஓடாமல் இருந்த பிள்ளையை முதல் நாளே பழைய அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள், பாதியில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது, ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றை அப்படியே விடுங்கள். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் 'இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?' என்று கேட்டு, அதைப் பயிற்சி நிமிடத்தால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். 60 நிமிடம், கஷ்டம் 5 என்றால் 300. வார மொத்தம் திடீரென்று எகிறுவது கண்ணுக்குத் தெரியும். பெரிய அணிகள் செய்வதும் அடிப்படையில் இதுதான், ஒரு பென்சில் போதும்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது, நீண்ட தூர ஓட்டம். கால் முன்னெலும்பில் வலி என்கிறாள். ஐந்து மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை. 'ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான், உடம்பு நல்ல ஃபிட்டாக இருக்கிறது என்று அர்த்தம்' என்று கோச் சொன்னாராம். எடை இன்னும் இரண்டு கிலோ குறைந்தால் நேரம் குறையும் என்றும் சொன்னாராம். நம்பலாமா?

நம்பாதீர்கள் அம்மா. இந்தக் கடிதங்களில் எனக்கு மிக அவசரமாகப் பட்டது உங்களுடையதுதான்.

பீரியட்ஸ் நின்றது ஃபிட்டாக இருப்பதன் அடையாளம் இல்லை. ஓடுவதற்குச் செலவாகும் சக்திக்கு ஏற்ற அளவு அவள் சாப்பிடவில்லை என்பதால், உடம்பு அவசியமில்லை என்று நினைக்கிற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, அது குறைந்தால் எலும்பில் கால்சியம் சேர்வது குறைகிறது. வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பு பலத்தின் பெரும்பகுதி சேர்வது இந்தப் பதின்வயதுகளில்தான், இந்த வருடங்களில் விட்டதைப் பிறகு முழுதாகப் பிடிக்க முடியாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லிருந்து இதை ஒரு தனிப் பிரச்சினையாகவே பேசி வருகிறது, பையன்களுக்கும் வரும் என்றும் சொல்கிறது, அவர்களுக்கு மாதவிடாய் போல ஒரு எச்சரிக்கை மணி கிடையாது என்பதால் இன்னும் தாமதமாகத்தான் தெரியவரும்.

கால் வலிக்கு வருகிறேன். முன்னெலும்பின் உள்பக்க ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஓடச் சூடானதும் குறைகிறதா? அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வின் அழற்சி, ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே விரலால் ஒரே புள்ளியைக் காட்டி 'இங்கே' என்கிறாளா, ஓட ஓட வலி கூடுகிறதா, ராத்திரியும் வலிக்கிறதா? அப்படியானால் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்றே வைத்துக்கொண்டு ஓட்டத்தை இன்றைக்கே நிறுத்தி எம்.ஆர்.ஐ. வரை போங்கள். எப்போதாவது தொடை இடுக்கில் வலி என்று சொன்னால் ஒரு அடிகூட ஓட விடாதீர்கள், தொடை எலும்பின் கழுத்தில் வருகிற முறிவு முழுதாக உடைந்துவிட்டால் பெரிய அறுவை சிகிச்சையில் போய் நிற்கும்.

டாக்டரிடம் போகும்போது கால் வலியை மட்டும் சொல்லாமல் பீரியட்ஸ் விஷயத்தையும் சொல்லுங்கள், தைராய்டு உட்பட மற்றக் காரணங்களையும் அவர் சோதிப்பார், வைட்டமின் டி, இரும்புச் சத்து அளவும் பார்ப்பார். மாத்திரை கொடுத்து மாதாமாதம் உதிரப்போக்கை வரவழைத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள், சாப்பாட்டுக் குறைவு அப்படியே இருக்கும்போது மாத்திரை அதை மறைக்கத்தான் செய்யும். மருந்து என்றால் சாப்பாடுதான், அதை விளையாட்டு வீரர்களைப் பார்த்துப் பழகிய ஒரு டயட்டீஷியன் திட்டம் போட்டுத் தரட்டும். வீட்டில் அவள் எடையைப் பற்றி யாரும், பாராட்டாகக்கூட, பேச வேண்டாம். அந்தக் கோச்சிடம் நீங்களே நேரில் போய் எடை பற்றிய பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் கோச்சை மாற்றுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து பீரியட்ஸ் வரவில்லை என்றாலும், 15 வயது முடிந்தும் முதல் பீரியட்ஸ் வரவில்லை என்றாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும், ஓடுகிற பெண்ணாக இருந்தாலும்தான்.

கேள்வி: 10 வயதுப் பையன், ஓடி முடித்ததும் குதிகால் வலித்து நுனிக்காலில் நடக்கிறான். பயப்பட வேண்டுமா?

வேண்டாம், ஆனால் கவனியுங்கள். குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரல்களால் அழுத்தினால் வலிக்கிறது என்றால் அங்கே உள்ள வளர்ச்சித் தட்டுதான் புண்பட்டிருக்கிறது, 1912-ல் ஜேம்ஸ் சீவர் என்பவர் விவரித்த பிரச்சினை. கெண்டைக்கால் தசைக்கு ஸ்ட்ரெச்சிங், ஷூவுக்குள் குதிகாலுக்கு மெத்தையான ஒரு துண்டு, கெட்டித் தரையில் தட்டையான செருப்போடும் வெறுங்காலோடும் ஓடாமல் இருப்பது, சில வாரத்துக்குப் பாதி ஆட்டம். பெரும்பாலும் சில மாதத்தில் போய்விடும், அடுத்த சீசனில் திரும்பவும் எட்டிப் பார்க்கலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மகளுக்கு 8 வயது. டென்னிஸில் நல்ல திறமை. இப்போதே மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருடம் முழுக்க டென்னிஸ் மட்டும் ஆடினால்தான் மேலே வர முடியும் என்கிறார் அகாடமியில். இரவு 9 மணிக்கு வீடு திரும்பி, காலை 5 மணிக்குத் திரும்பவும் பயிற்சி. சம்மதிக்கலாமா?

8 வயதில் வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு 15, 16 வயது வரை ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல் இருப்பதுதான் நல்லது என்று குழந்தைகள் நல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரே ஆட்டம் என்றால் ஒரே தோள், ஒரே முழங்கை, ஒரே மணிக்கட்டு பாரம் சுமக்கும், பல ஆட்டம் என்றால் பாரம் பகிரப்படும். ரோஜர் ஃபெடரர் சிறு வயதில் கால்பந்து, பாட்மின்டன், கூடைப்பந்து எல்லாம் ஆடி வளர்ந்தவர் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சீக்கிரமே தொடங்கி இளவயதிலேயே உச்சம் தொடுகிற ஜிம்னாஸ்டிக்ஸ் போன்ற சில விளையாட்டுகள் விதிவிலக்கு, அங்கும் அதற்கு விலை உண்டு, கையை ஊன்றி ஊன்றி மணிக்கட்டின் வளர்ச்சித் தட்டு பாதிக்கப்பட்டு ஒரு எலும்பு குட்டையாக நின்றுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

டென்னிஸைவிட அந்த நேர அட்டவணைதான் என்னை உறுத்துகிறது. 9 மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுத்து, 5 மணிப் பயிற்சிக்கு அதற்கு முன்பே எழுந்து கிளம்பினால் அவள் 6, 7 மணி நேரம் தூங்குவாளா? 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 2014-ல் வெளியான ஒரு ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பதின்வயது விளையாட்டு வீரர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 1.7 மடங்கு என்று தெரிந்தது. அவர்களே அப்படி என்றால் 8 வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள் டென்னிஸ், மீதி நாளில் அவள் இஷ்டப்பட்ட விளையாட்டு, இதற்கு ஒத்துவருகிற அகாடமியைத் தேடுங்கள். 'இப்போது விட்டால் வாய்ப்பு போய்விடும்' என்று பயம் காட்டுகிறவரிடம் 8 வயதுக் குழந்தையைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு 14 வயது, நீச்சல். இரண்டு மாதமாக வலது தோள் வலிக்கிறது. சொன்னால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்பாவும் திட்டுவார், அவர் எனக்காக நிறையச் செலவு செய்திருக்கிறார். யாருக்கும் தெரியாமல் சரிசெய்ய ஏதாவது உடற்பயிற்சி சொல்லுங்கள் அண்ணா.

தம்பி, யாருக்கும் தெரியாமல் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லியிருப்பேன், இல்லை. நீ ஒரு பயிற்சியில் நீந்துகிற தூரத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அந்தத் தோள் சுழல்கிறது, வலியோடு சுழலும்போது தோளைச் சுற்றியுள்ள சின்னத் தசைகள் களைத்துப்போய் மூட்டைச் சரியான இடத்தில் பிடிக்க முடியாமல் விடுகின்றன, உன் ஸ்ட்ரோக்கே கொஞ்சம் கொஞ்சமாக மாறும். அது நேரத்தில் தெரியும், கோச் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், அதற்குள் நீ இன்னும் சில மாதத்தை இழந்திருப்பாய். இரண்டு மாத வலிக்குப் பெரும்பாலும் சில வாரப் பயிற்சிக் குறைப்பும் பிசியோவும் போதும். நீ பயப்படுகிற அந்த நீண்ட ஓய்வு மறைப்பவர்களுக்குத்தான் வருகிறது.

அப்பாவிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கொடு. அப்பாவுக்கும் ஒரு வார்த்தை: சார், வலியைச் சொன்னதற்காகப் பிள்ளையைத் திட்டினால் அடுத்த வலியை அவன் சொல்ல மாட்டான், அப்போது உங்கள் செலவும் அவன் தோளும் சேர்ந்து போகும். பணத்தைப் பற்றி இப்போது பேச வேண்டாம், அவன் ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருக்கிறான்.

டாக்டரிடம் போவதற்குள் மூன்று விஷயத்தைக் குறித்துவை: எந்த ஸ்ட்ரோக்கில் வலிக்கிறது, கை தண்ணீருக்குள் நுழையும்போதா இழுக்கும்போதா, ஒரு வாரத்தில் மொத்தம் எவ்வளவு தூரம் நீந்துகிறாய். கைப் பலகைகளைக் கையில் மாட்டி நீந்துவதை இன்றோடு நிறுத்து, தோளுக்கு அதுதான் மிகப் பெரிய பாரம். கை விரல் மரத்துப்போனாலோ, தோள் நழுவுவது போல இருந்தாலோ காத்திருக்காதே, உடனே காட்டு. அதுவரை தண்ணீரை விட்டு விலக வேண்டியதில்லை, கால் உதைப் பயிற்சி செய்யலாம். ஆனால் மிதவைப் பலகையைப் பிடித்துக் கையை முன்னால் நீட்டிச் செய்யாதே, அந்த நிலையிலும் தோள் நெருக்கப்படும். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உதை.